சந்தேகத்தின் பலன் யாருக்கு?

விதி என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள்கள் வழங்கி வருகின்றன. இலக்கண விதி, அலுவலக விதி என்னுமிடத்து அது மனிதர் வகுத்த ஒழுங்கு. தலைவிதி என்னுமிடத்து அது மனிதர் கைக்கு அப்பாற்பட்ட ஊழ். இவ்விரண்டையும் ஒரே மேசையின்மீது பரப்பி வைத்துக்கொண்டு விளையாடும் ஓர் ஆட்டத்தைப் பற்றியும், அதில் எழுகின்ற ஓர் அறக்கேள்வியைப் பற்றியும் இம்மலரில் சில கருத்துகளைச் சொல்ல விழைகிறேன். சிறுவர் விளையாட்டுத்தானே என்று அன்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா.

ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவரின் ஆக்கமாக அது வெளிவந்தது. மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி. முதன்முறை அச்சிட்டவை ஆயிரம் பெட்டிகளே. காய் நகர்த்தி வெல்வது இதில் முதன்மையன்று. கூடிக் கதை சொல்லுதலே முதன்மை. நால்வரோ ஐவரோ மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர். எஞ்சிய ஒருவருக்கு 'டஞ்சன் மாஸ்டர்' என்று பெயர். அவரைக் கதைநடத்துநர் என்று இங்கே அழைப்போம். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனோடு அவரை ஓரளவு ஒப்பிடலாம். காட்டையும் குகையையும் சொல்லால் வரைந்து காட்டுபவர் அவர். சத்திரக்காரனாகப் பேசுபவரும், அரசனாக ஆணையிடுபவரும், அரக்கனாகப் பாய்பவரும் அவரே. வாள்வீச்சு பட்டதா படவில்லையா என்பதை இருபது முகங்கொண்ட பகடை சொல்கிறது. நம் தலைநகரத்துக் குடியிருப்புகளிலும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பிள்ளைகள் சிலர் இதனை ஆடுவதைக் காண்கிறோம்.

இவ்வாட்டத்தின் அரக்கரும் பூதங்களும் கொடுவிலங்குகளும் தனி நூலொன்றில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. 1977-இல் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் நூலும், அதன் வழிவந்த பதிப்புகளும், ஒவ்வொரு பூதத்துக்கும் உயிர்ப்புள்ளி எத்தனை, வேகம் எவ்வளவு, அதற்கேயுரிய தனியாற்றல் யாது என்று சில வரிகளில் வரையறுத்துக் கூறுகின்றன. அந்தச் சில வரிகளில்தான் நம் கேள்வி பிறக்கிறது. வரி ஒன்றாயிருக்கும்; பொருள் இரண்டாய் நிற்கும். அப்போது இதுவே பொருள் என்று முடிவு சொல்லும் உரிமை கதைநடத்துநருடையது. ஆனால் அந்தப் பூதத்தை ஏவி விளையாடுபவரும் அவரே அல்லவா? தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் ஆகாது என்பது நாடறிந்த நெறி. இவ்வாட்டமோ அந்நெறியை மீறியே அமைந்துள்ளது. மீறாமல் அமைக்க வழியும் இல்லை. அப்படியிருக்க, அந்த நாற்காலியில் அமர்ந்தவர் நேர்மையாக நடந்துகொள்வது எங்ஙனம்?

முதலில் ஐயம் எவ்வாறு எழுகிறது என்று பார்ப்போம். இவ்வாட்டத்தின் நான்காம் பதிப்பு 2008-இல் வந்தபோது விதிகள் இறுக்கமான கலைச்சொற்களால் எழுதப்பட்டிருந்தன. பலருக்கு அது பிடிக்கவில்லை. கதையின் சுவை கெட்டதென்றனர். ஆகவே 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பெரும்பாலும் இயல்பான பேச்சுநடைக்குத் திரும்பினர். படிப்பதற்கு இனிமை கூடியது. ஐயமும் கூடவே வந்தது. நன்னூலார் நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளை எண்ணும்போது இரட்டுற மொழிதலையும் உய்த்துணர வைப்பையும் அவற்றுள் சேர்த்தார். இலக்கண நூலுக்கு அவை அழகு. அடுத்த கணத்தில் ஒருவன் சாவானா பிழைப்பானா என்று சொல்ல வேண்டிய விதிநூலில் அவையே வம்பாகின்றன.

மெடூசாவை எடுத்துக்கொள்வோம். பாம்புக் கூந்தலுடைய இக்கிரேக்கப் பெண்ணைக் கண்டவர் கல்லாவர் என்பது பழங்கதை. 2014-ஆம் ஆண்டு நூலின்படி, முப்பது அடிக்குள் நின்று அவள் கண்களைக் காணக்கூடிய ஒருவனைத் தன் பார்வையால் அவள் சோதனைக்கு உள்ளாக்கலாம். தவறினால் அவன் கல்லாகத் தொடங்குவான். பார்வையைத் திருப்பிக்கொண்டால் தப்பலாம். ஆனால் அப்போது அவளை அவனால் காண இயலாது. நல்லொளியில் பளபளப்பான பரப்பொன்றில் தன் உருவத்தைத் தானே அவள் கண்டுவிட்டால், சாபத்தின் காரணமாக அவளும் அதற்கு ஆளாவாள் என்றும் அங்கே எழுதப்பட்டுள்ளது. சரி, வீரன் ஒருவன் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அதில் அவள் பிம்பத்தைப் பார்த்தபடி போரிட்டால்? அதனை நூல் சொல்லவில்லை. பிம்பம் அவளையே கல்லாக்கும் என்றால் பிம்பத்துக்கும் ஆற்றல் உண்டென்றே பொருள், ஆகவே அவனும் கல்லாவான் என்று ஒப்பின் முடித்தலாக ஒருவர் வாதிடலாம். அது அவளுக்கேயுரிய சாபம், பிறர்க்கு அதனை நீட்டக் கூடாது, மேலும் பெர்சியஸ் என்னும் வீரன் பளபளக்கும் கேடயத்தில் அவள் உருவைப் பார்த்துத்தானே தலை கொய்தான் என்று மற்றவர் வாதிடலாம். முதலாமவர் நூலின் சொல்லிலிருந்து புறப்படுகிறார். இரண்டாமவர் நூலுக்குப் பின்னாலிருக்கும் மரபிலிருந்து புறப்படுகிறார். இருவரையும் பொய்யர் என்று சொல்வதற்கில்லை.

டிரால் என்றொரு பூதம் உண்டு. அதன் புண்கள் தாமே ஆறும். தன் முறை வரும்போதெல்லாம் பத்து உயிர்ப்புள்ளி மீளும். தீயோ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறைக்கு அவ்வாற்றல் அடங்கும். உயிர்ப்புள்ளி அற்ற நிலையில் தன் முறையைத் தொடங்கி, அப்போதும் மீளாதிருந்தால் 'மட்டுமே' அது சாகும் என்று நூல் கூறுகிறது. இந்த 'மட்டுமே' பொல்லாத சொல். தலையைத் துண்டித்து ஊருக்கு வெளியே புதைத்தாலும், தீப்படாதவரை அது சாகவில்லை என்றாகிறது. புதைத்த தலைக்கு உடல் முளைக்குமா, உடலுக்குத் தலை முளைக்குமா, இரண்டும் முளைத்து இரண்டு பூதமாகுமா என்று பிள்ளைகள் அரை மணி வாதிட்டதை நான் கேட்டிருக்கிறேன். தேநீர் ஆறிற்று.

இனி, நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். இரத்தக் காட்டேரி என்று நாம் கதைகளில் அறிந்த வாம்பயருக்கு இவ்வாட்டத்தில் பெருவலிமை உண்டு. கூடவே ஒரு தளையும் உண்டு. குடியிருப்பவர் ஒருவர் அழைத்தாலன்றி எந்தக் குடியிருப்பினுள்ளும் அது நுழைய இயலாது. எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் ஆடிய கதையில், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி பதினான்கு மாதங்களாக ஒரு வைத்தியப் பெண்ணின் பாத்திரத்தை ஏற்று வளர்த்து வந்தாள். பெயர், ஊர், தாய்தந்தையர், கையிலுள்ள மூலிகைப்பை எல்லாவற்றையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். காட்டேரி துரத்திவர, அவளும் தோழர்களும் வழியிலிருந்த சத்திரத்தில் மாடியறை வாடகைக்கு எடுத்துத் தங்கினர். "உள்ளே இருக்கும்வரை அது வராது, காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டு நான் விழித்திருக்கிறேன், மற்றவர்கள் ஆயுதங்களைக் கழற்றிவிட்டுத் தூங்கலாம்" என்று அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். கதைநடத்துநனாகிய கல்லூரி மாணவன் அதனைக் கேட்டுக்கொண்டு பேசாதிருந்தான். நள்ளிரவில் காட்டேரி மாடிப்படி ஏறி வந்தது. சத்திரம் குடியிருப்பன்று, வழிப்போக்கர் எவரும் வரும் பொதுவிடம் என்றான் அவன். பகடையும் அவளுக்கு உதவவில்லை. வைத்தியப் பெண் இறந்தாள்.

பிறகு நடந்த வாதத்தில் நான் கண்ட அறிவுக்கூர்மையைப் பல கூட்டங்களில் கண்டதில்லை. "சத்திரக்காரர் குடும்பம் அங்கேதானே குடியிருக்கிறது, அப்படியானால் அது குடியிருப்புத்தானே அண்ணா?" என்றாள் சிறுமி. "குடியிருப்பு என்றே வைத்துக்கொள். வாசலில் 'அனைவரும் வருக' என்று பலகை தொங்குகிறதே, அது அழைப்பு ஆகாதா?" என்றான் அவன். பலகை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது, காட்டேரிக்கென்று யாரும் சொல்லவில்லை என்றாள் அவள். ஓரிரவு வாடகை கொடுத்தவளும் குடியிருப்பவளே, அவள் அழைக்கவில்லையே என்றான் மற்றொரு பையன்.

இத்தகைய வாதம் சட்ட அறிஞர்க்குப் புதியதன்று. 1958-இல் எச். எல். ஏ. ஹார்ட் என்னும் ஆங்கிலேயச் சட்டத் தத்துவ அறிஞர், பூங்காவினுள் வாகனம் கூடாது என்றொரு விதியைக் கற்பனை செய்து காட்டினார். மோட்டார் வண்டி கூடாதென்பது தெளிவு. குழந்தையின் பொம்மை வண்டி? உருளைச் சக்கரக் காலணி? சொல்லுக்கு ஐயமற்ற நடுப்பகுதி ஒன்றும் அதைச் சுற்றி அரைநிழல் ஒன்றும் உண்டென்றார் அவர். லான் புல்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எதிர்வினா எழுப்பினார்: போரில் பயன்பட்ட டிரக் ஒன்றை நினைவுச்சின்னமாகப் பூங்காவில் மேடையிட்டு நிறுத்தினால் அது விதியை மீறுமா? அது ஐயமற வாகனமே. ஆயினும் விதி எதற்காக என்று கேளாமல் அதற்கு விடையிறுக்க முடியாது என்பது அவர் கருத்து. சத்திரம் அரைநிழலில் நிற்கிறது. அதனால்தான் அந்த மாணவனின் விளக்கம் தவறென்று நான் சொல்லமாட்டேன். கீழ்க்கூடம் பொதுவிடம், சத்திரக்காரர் குடும்பம் வாழும் பகுதி குடியிருப்பு, வாடகை அறை இரண்டுக்கும் நடுவே என்பது என் எண்ணம். அவன் எண்ணம் வேறு. அறிவுடையோர் வேறுபடக்கூடிய இடம் அது.

அவன் பேசாதிருந்தானே, என் மனம் அதில்தான் உறுத்துகிறது. ஒருவரை ஒன்றை நம்பி நடக்கவிட்டுப் பின்னர் அதையே மறுத்துரைத்தல் கூடாதென்பது சாட்சியச் சட்டத்தின் பழைய கோட்பாடு. மாணவனிடம் இதனைக் கேட்டபோது, "மாமா, கதையில் அவளுக்கு அது தெரியாது. தெரியாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்றான். நல்ல மறுமொழிதான். ஆனால் அதில் இரண்டு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. காட்டேரி எங்கே பதுங்கியிருக்கிறது, சத்திரக்காரன் அதன் ஏவலாளா என்பவை கதையின் உண்மைகள். அவற்றை மறைப்பது கதைநடத்துநரின் உரிமை. மறைக்காவிட்டால் கதையே இல்லை. 'குடியிருப்பு' என்ற சொல்லுக்கு இம்மேசையில் என்ன பொருள் என்பது கதையின் உண்மையன்று, ஆட்டத்தின் விதி. சதுரங்கத்தில் எதிரி தன் சூழ்ச்சியை மறைக்கலாம். குதிரை எப்படிப் பாயும் என்பதை மறைக்கலாமா? சத்திரம் காக்குமா காக்காதா என்பதில் ஊராருக்கே ஐயம் உண்டு என்று ஒரு கிழவியின் வாயில் வைத்துச் சொல்லியிருந்தால்கூடப் போதும். ஐயம் உண்டென்று அறிந்து துணிந்தவள் நிலை வேறு. குற்றம் இழைத்தபோது நடப்பிலிருந்த சட்டத்தை மீறியதற்கன்றி ஒருவரைத் தண்டிக்கலாகாது என்று நம் அரசியலமைப்பின் 20-ஆம் விதி கூறுகிறது. செயலுக்குப் பின்னே பிறக்கும் விளக்கத்தின்பால் எனக்குள்ள அச்சமும் அவ்வகையைச் சேர்ந்ததே.

காட்டேரியின் அழைப்பு விதியில் இதைவிட ஆழமான சுழி ஒன்றுண்டு. அதற்கு வசிய ஆற்றலும் இருக்கிறது. வசியப்பட்டவன் அதனை நம்பத்தக்க நண்பனாகக் கருதுவான். அதே வேளையில் அவன் அதன் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் நூல் சொல்கிறது. சன்னலோரம் நின்றவனை வசியப்படுத்தி, அவன் வாயால் 'உள்ளே வா' என்று சொல்ல வைத்தால் அது அழைப்பாகுமா? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 14-ஆம் பிரிவில் கட்டற்ற இசைவு இன்னதென்று வரையறுக்கிறது. வலுக்கட்டாயம், தகாச் செல்வாக்கு, மோசடி முதலியவற்றால் விளைந்த இசைவு கட்டற்ற இசைவாகாது. ஆனாலும் மோசடியால் பெற்ற இசைவினால் ஒப்பந்தம் பிறவாமலே போவதில்லை. ஏமாந்தவர் விரும்பினால் அதனைத் தள்ளிவிடலாம் என்றே சட்டம் கூறுகிறது. இதனைக் காட்டேரிக்குப் பொருத்தினால், ஏமாந்தவன் தெளிந்தெழுந்து 'என் அழைப்பைத் திரும்பப் பெறுகிறேன்' என்று சொல்லும்வரை அது உள்ளே இருக்கலாம். தெளிந்தெழ அவன் உயிரோடிருப்பானா என்பது வேறு கேள்வி! பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலில், மனநோய் விடுதியில் அடைபட்டிருக்கும் ரென்பீல்ட் என்னும் நோயாளியே டிராகுலாவை உள்ளே வரவிடுகிறான். அவன் அவ்விடத்துக்கு உரிமையாளன் அல்லன், வெறும் குடியிருப்பவன். உயிர்களைக் காட்டி ஆசையூட்டப்பட்டவனும்கூட. ஆயினும் அந்த அழைப்புச் செல்லுபடியாயிற்று. ஆகவே ஒப்பந்தச் சட்டத்தைவிடக் கதைமரபு கடுமையானது. தீமை தானே கதவை உடைத்து வருவதில்லை, உள்ளிருப்பவர் திறந்துதான் வருகிறது என்பதே அக்கதையின் அச்சமென்றால், ஏமாந்து திறந்ததும் திறந்ததே. இவ்விடத்தில் நான் காட்டேரியின் பக்கம் தீர்ப்பளிப்பேன். வசியம் அதன் வெளிப்படையான ஆற்றல். எல்லாரும் முன்னரே அறிந்தது.

சொல்லையே பற்றி நிற்பது, சொல்லின் நோக்கத்தைப் பற்றி நிற்பது என்னும் இவ்வழக்கில் நம் முன்னோர் நமக்கொரு பெருங்கதையை வைத்துச் சென்றிருக்கின்றனர். இரணியன் பெற்ற வரம் என்பது ஒரு பூதத்தின் தனியாற்றலை வரையறுக்கும் வாசகமே அன்றி வேறென்ன? மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், வீட்டின் உள்ளும் புறமும், மண்ணிலும் விண்ணிலும் சாவில்லை. வால்மீகியில் இல்லாத இக்கதையைக் கம்பர் யுத்த காண்டத்தில் வீடணன் வாயில் வைத்து, வரபலத்தால் செருக்குற்ற இராவணனுக்குச் சொல்ல வைத்தது எண்ணத்தக்கது. நரசிங்கம் வரத்தின் ஒரு சொல்லையும் மீறவில்லை. அந்திப்பொழுது, வாயிற்படி, மடி, நகம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய மரியாதையைச் செலுத்திவிட்டே கிழித்தது. இரணியன் கருதியது சாவாமை. அதனை அப்படியே கேட்டால் கிடைக்காதென்பதால் சொற்களை அடுக்கி வேலி கட்டினான். சொல்லால் கட்டிய வேலிக்குச் சொல் முடியுமிடத்தில்தானே எல்லை? அவன் கருத்தைப் பார்த்து வரத்தை விரித்துப் பொருள் கொள்ளும் கடமை எவருக்கும் இல்லை.

ஆகவே பூதத்தின் ஆற்றலைச் சுருக்கிப் பொருள் கொள்ளவேண்டும் என்பது என் துணிபு. காப்புறுதிப் பத்திரங்களில் ஐயமான வாசகம் வந்தால் அதனை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள் கொள்வது நீதிமன்றங்களின் வழக்கம். கேரி கைகாக்ஸ் இவ்வாட்டத்தை ஆக்குமுன் காப்புறுதித் துறையில் பணியாற்றியவர் என்பது தற்செயலான வேடிக்கை. எழுதியவர் கதைநடத்துநர் அல்லரே, ஒரு நிறுவனந்தானே என்று கேட்கலாம். உண்மை. நான் சொல்லும் காரணம் வேறு. கதைநடத்துநர் கையில் எல்லையற்ற பூதங்கள் உள்ளன. இந்தக் காட்டேரி இன்றிரவு வாசலில் தோற்றுப் போனால் நாளை ஓநாய்க் கூட்டத்தை ஏவலாம், வெள்ளத்தை வரவழைக்கலாம். சிறுமியிடம் இருப்பது ஒரே ஒரு வைத்தியப் பெண். ஒருபக்கத்து இழப்பு ஈடுசெய்யத்தக்கது. மறுபக்கத்து இழப்பு மீளாதது. சரிநிகராக நிற்கும் இரு பொருள்களுக்கிடையே தேர்வு செய்கையில், மீளா இழப்பை விளைவிக்காத பொருளைத் தேர்வது இரக்கம் மட்டுமன்று, நடுவுநிலையும் அதுவே. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். ஒரு தட்டில் முன்னமே கல் கிடந்தால் அதனைக் கணக்கில் கொண்டுதானே நிறுக்க வேண்டும்?

எப்போதும் ஐயத்தின் பலன் ஆடுவோர்க்கே என்றால் அச்சம் ஏது, அச்சமில்லாக் காட்டேரி எதற்கு என்பது வலுவான எதிர்வாதம். மாணவனும் அதையே சொன்னான். நான் சொல்வது ஐயம் உள்ள இடத்துக்கு மட்டும். வசியம், இரத்தம் குடித்தல், வெளவாலாக மாறுதல் முதலியவற்றில் ஐயமில்லை. அவற்றை முழு வலிமையோடு ஏவட்டும். இன்னொரு சோதனையும் உண்டு. சில மந்திரவாதப் பாத்திரங்கள் தாமே விலங்குருவம் எடுக்கலாம்; பூதங்களை வரவழைத்துத் தம் பக்கம் போரிடச் செய்யலாம். அப்போது அதே பிள்ளைகள் அதே வாசகத்தை எவ்வளவு தாராளமாக விரித்துப் படிக்கின்றனர் என்பதைக் காணவேண்டும்! நேற்று எதிரியின் சிலந்தி வலை இரண்டு பேரைப் பிடிக்காதென்று வாதிட்டவர், இன்று தம் சிலந்தியின் வலை நால்வரைப் பிடிக்கும் என்பார். அவர் நேற்றுப் பெற்ற பொருளையே இன்றும் பெறவேண்டும். பூதம் எவர் பக்கம் நின்றாலும் அதன் ஆற்றல் சுருக்கமாகவே படிக்கப்படும் என்று மேசையில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி வழக்கு எழாது.

எஞ்சிய பாதிக்கு என் அலுவலக அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். மைய அரசு ஊழியரின் பணிநிலையை ஆளும் அடிப்படை விதிகள் 1922 முதல் நடப்பில் உள்ளவை. அவற்றின் 8-ஆம் விதி, பொருள் விளக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குகிறது. அதற்குச் சற்று முன்னே 5-ஏ என்றொரு விதி, ஒரு விதியின் செயற்பாடு ஒருவருக்குத் தகாத இன்னலை விளைக்குமானால் அதனைத் தளர்த்தும் அதிகாரத்தை அமைச்சகத்துக்கு வழங்குகிறது. விளக்குதல் வேறு, தளர்த்துதல் வேறு என்று வகுத்து வைத்திருப்பதன் அருமை, கோப்புகளோடு இருபதாண்டு பழகினால்தான் விளங்கும். இரக்கம் கொண்ட அதிகாரி ஒருவர் தளர்வு என்று எழுதத் தயங்கி, விதிக்கே புதுப்பொருள் கண்டுபிடித்து ஒரு விதவைக்கு உதவிவிடுவார். அப்பொருள் கோப்பில் முன்னுதாரணமாகத் தங்கி, பத்தாண்டு கழித்து வேறொருவர் வயிற்றில் அடிக்கும். விதி இதுதான், இம்முறை இதற்காக இதனை விலக்குகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்பவர் விதியையும் காக்கிறார், ஆளையும் காக்கிறார். கைகாக்ஸ் 1979-இல் எழுதிய கதைநடத்துநர் நூலின் முடிவுரையில், விதியின் எழுத்தைவிட ஆட்டத்தின் உயிர்ப்பே முக்கியம் என்னும் கருத்தை வற்புறுத்தினார். நல்ல அறிவுரைதான். ஆனால் உயிர்ப்பின் பெயரால் எழுத்தைத் திரிக்கும் வழக்கத்துக்கு அது இடங்கொடுத்துவிடக் கூடாது.

விதியே பழுதென்றால் திருத்துவது மூன்றாவது வழி. 2014-ஆம் ஆண்டு நூலில் கண்ணுக்குப் புலப்படாமை பற்றிய விதி, அந்நிலையில் இருப்பவரைத் தாக்குவது கடினம் என்று தனி வரியில் சொல்லி நிறுத்தியது. இம்ப் போன்ற குட்டிப் பேய்கள் மறைந்து நின்றால், மந்திரத்தால் அவற்றைக் காணக்கூடியவனுக்கும் எழுத்தின்படி அதே கடினம்! அப்படித்தான் படிக்க வேண்டும் என்றே நூலாக்கியோர் தரப்பிலும் விளக்கம் வந்தது. பலர் சிரித்தனர், பலர் தம் மேசையில் அதனைப் புறக்கணித்தனர். 2024-இன் திருத்தப் பதிப்பு, காணக்கூடியவர்க்கு அது பொருந்தாதென்று ஒரு தொடரைச் சேர்த்தது. பத்தாண்டுச் சச்சரவு ஒரு தொடரில் அடங்கிற்று.

மேற்சொன்ன 5-ஏ விதியைப் பற்றிப் பேச்சுவாக்கில் பிள்ளைகளிடமும் சொல்லியிருந்தேன். அடுத்த ஞாயிறன்று மாணவன் ஒரு முடிவோடு வந்தான். சத்திரம் குடியிருப்பன்று என்பதே இம்மேசையின் விளக்கம், இனி அது மாறாது. ஆயினும் தான் பேசாதிருந்த காரணத்தால் இம்முறை தளர்வு தந்து வைத்தியப் பெண்ணை உயிரோடு மீட்கிறேன் என்றான். எல்லாரும் மகிழ்ந்தனர், சிறுமியைத் தவிர. "எனக்குச் சலுகை வேண்டாம் அண்ணா. மாடியறை குடியிருப்பு என்று நான் சொன்னது சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றாள். தளர்வு பெற்று மனுவைத் திரும்பப் பெறும் ஊழியரையே பார்த்துப் பழகிய எனக்கு அது புதிதாயிருந்தது. அவன் சொன்ன விளக்கத்தை ஏற்காமலே, புது நோட்டுப்புத்தகத்தில் புதுப் பாத்திரம் ஒன்றை அவள் எழுதத் தொடங்கினாள்.

அவள் கேட்ட மற்றொரு கேள்வி இன்னும் மேசையில் கிடக்கிறது. யாருமே குடியில்லாத வீடு என்றால்? அழைக்க ஆளில்லை; ஆகவே எழுத்தின்படி காட்டேரி ஒருநாளும் நுழைய முடியாது. காக்கப்பட வேண்டியவரும் அங்கில்லை. ஆகவே நோக்கத்தின்படி தாராளமாக நுழையலாம். குடியிருப்பவர் இல்லாத இடத்தைக் குடியிருப்பு என்று சொல்வதே தகுமா என்று மாணவன் கேட்டான். அவள் உடனே, தாமிரபரணிக் கரையிலுள்ள தங்கள் தாத்தா வீட்டைச் சொன்னாள். பள்ளிப் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் ஒவ்வோராண்டும் அவள் அப்பா எழுதுவது அந்த வீட்டைத்தான். பூட்டி ஒன்பது வருடமாகிறது. சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது. ஆச்சிதான் வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் கோலம் போடுகிறாள். "அந்த ஆச்சி கூப்பிட்டால் அது உள்ளே வரலாமா?" என்றாள். மாணவன் யோசித்து, ஆச்சி குடியிருப்பவள் அல்லள், அவள் அழைப்புச் செல்லாது. பெட்டியும் பாத்திரமும் உள்ளே இருக்கும்வரை, திரும்பி வருவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கும்வரை, அது அவர்களுடைய குடியிருப்பே, காட்டேரி நுழையாது என்று தீர்ப்பளித்தான். முன்கூட்டியே அளித்த தீர்ப்பாதலால் மேசைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிக்கொண்டனர். திரும்பி வரும் எண்ணம் உண்டா இல்லையா என்பதை யாரிடம் கேட்டறிவது என்று மற்றொரு பையன் எழுப்பிய ஐயத்தை, நேரமாகிவிட்டபடியால், அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைத்தனர்.